தூணோரத்து மேசை

இரண்டரை மணி ஆகிவிட்டது. பக்கத்து அறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கிறார். அது என்ன மெட்டு என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்றுதான் தெரியவில்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வராது.

என் அப்பா போகுமில் சோவா. சாக்ஸபோன் வாசிக்கிறவர். போலந்தில் எங்கள் ஊரான க்ராக்கோவில் ஜூலை மாதம் முழுக்க ஜாஸ் விழா நடக்கும். சதுக்கத்தைச் சுற்றியிருக்கிற பழைய வீடுகளுக்கு அடியில் எத்தனை நிலவறைகள் உண்டோ அத்தனையிலும் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். அப்பாவின் குழு நான்கு பேர். முப்பது வருடமாக அதே நிலவறை, புதன்கிழமையும் சனிக்கிழமையும். நான் வளர்ந்ததே அங்கேதான். முப்பத்தொரு படி இறங்க வேண்டும். மேலே எல்லோரும் வெயிலில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பார்கள், கீழே செங்கல் சுவரில் தண்ணீர் துளிர்த்து நிற்கும், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சின்ன வயதில் சலிப்பாக இருக்கும். அதனால் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு தாளக்கட்டு ஒரு சுற்று. முதலில் ஒரு எட்டு, மறுபடி அதே எட்டு, நடுவில் வேறு மாதிரி ஒரு எட்டு, கடைசியில் பழைய எட்டு. அவ்வளவுதான். யார் எவ்வளவு இஷ்டப்படி திரிந்தாலும் இந்த வீட்டுக்குள்தான் திரிய வேண்டும், நடு எட்டுக்குப் போனவர் வெளியே வந்தாக வேண்டும். திரிந்தது போதும் என்று தோன்றினால் உள்ளங்கையைத் தலைமேல் வைப்பார்கள். ‘மெட்டுக்குத் திரும்பு’ என்று அர்த்தம். எல்லா ஊரிலும் எல்லா ஜாஸ்காரர்களுக்கும் அதுதான் ஜாடை. இப்போது பதினாறு வயதாகிறது, எனக்கு எண்ணுவதை நிறுத்தவே முடிவதில்லை. மாதா கோவிலில் பாட்டு நடந்தாலும் முழங்காலில் என் விரல் எண்ணிக்கொண்டே இருக்கும்.

இந்த ஜூலையின் முதல் புதன்கிழமை அப்பா ‘ஈரக் குடை’ வாசித்தார். அவரே போட்ட மெட்டு. நான் பிறந்த வருடம் போட்டது. இரண்டாவது சுற்றில் நடு எட்டுக்குள் போனார். எட்டு முடிந்தது. அவர் வெளியே வரவில்லை. இன்னொரு எட்டு. பிறகு இன்னொன்று. டிரம்ஸ் வாசிக்கிற சாரெக் மாமா பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போனார். பெரிய பாஸ் வயலினைக் கட்டிப்பிடித்து நிற்கிற ஒல்கியெர்ட் ஒரு நொடி தடுமாறிவிட்டுச் சேர்ந்துகொண்டார். பியானோக்காரர் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் எப்படியோ மெட்டில் வந்து விழுந்தார்கள். ஜனம் மேசையைத் தட்டியது, விசில் அடித்தது. மறுநாள் பேப்பரில், ஐம்பத்தெட்டு வயதில் சோவா கூண்டைத் திறந்துவிட்டார் என்று எழுதியிருந்தது.

அப்பா எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். அன்றைக்குத் திறந்திருந்தது. யாரோ வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் கழிவறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டுத் தேடுகிற ஆள் மாதிரி அந்தக் கண்கள் அங்கேயும் இங்கேயும் போயின.

பின்னறையில் சாரெக் மாமா சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

“டேய் கிழட்டுப் பிசாசே, முப்பது வருஷமா இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?”

“வச்ச எடம் மறந்துபோச்சுடா,” என்றார் அப்பா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சதுக்கத்தில் மணி அடித்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு மணிக்கும் கோவில் கோபுரத்து உச்சியிலிருந்து ஒருவர் எக்காளம் ஊதுவார். மெட்டு பாதியில் அறுந்து நிற்கும். எதிரிப் படை வருவதைப் பார்த்து ஊதினவன் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அதனால்தான் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பதில்லை.

அப்பா நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஏன் நிறுத்திட்டான்?”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். “அம்பு பட்டுருச்சுப்பா.”

“ஐயோ,” என்றார். “யாருக்கு?”

அதற்குப் பிறகு தினமும் ஒன்று. சாக்ஸபோனில் வாய் வைக்கிற பகுதி வெண்ணெய் டப்பாவுக்குள் கிடந்தது. ட்ராமில் எட்டாம் நம்பரில் ஏற வேண்டியவர் எட்டு வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். சாவி, கண்ணாடி எல்லாம் எல்லோரும் மறக்கிறதுதான், அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு நாள் காலையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “இத வெட்றது... வெட்றது...” என்று கத்தியின் பெயரைத் தேடிக்கொண்டு நின்றார். கத்தி அவர் இன்னொரு கையில் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா ஜெர்மனியில், ஹானோவர் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கி ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு வாரம் அங்கே, ஆறு வாரம் இங்கே. அந்தக் கிழவருக்கும் இதே மறதி வியாதிதான். தன் மனைவி என்று நினைத்துக்கொண்டு அம்மாவோடு சண்டை போடுவார், பிறகு அழுவார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரித்திருக்கிறோம், அப்பாகூட.

நான் சொன்னதை அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அவளுடைய வேலைக் குரலில் கேட்டாள்.

“ஒரே கேள்விய எத்தன தடவ கேக்குறாரு?”

“நேத்து பத்து தடவ இருக்கும்.”

“பொருள தேடுறாரா, வார்த்தைய தேடுறாரா?”

“ரெண்டுந்தான்.”

“நீ திருத்துனா கோவம் வருதா?”

“இல்லம்மா. வெக்கப்படுறாரு.”

அந்தப் பக்கம் கிழவர் ஜெர்மன் மொழியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

“ஆகஸ்ட் பத்தாந்தேதி வந்துருவேன்,” என்றாள்.

“வந்து என்னம்மா பண்ணுவ?”

“இங்க என்ன பண்றேனோ அதத்தான்.”

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் செய்து நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அடுத்த வருடம் பிப்ரவரியில்தான் ஒரு நாள் இருக்கிறது என்றார்கள். ‘நீ யாரும்மா, பெரியவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லு’ என்றும் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த பெரியவர் சாரெக் மாமாதான். சொந்தமில்லை, ஆனால் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் டிரம்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

“மாமா, அப்பா ‘ஈரக் குடை’யில வேணும்னு அப்படி வாசிக்கல. வழி தெரியாம நிக்கிறாரு. நான் எண்ணுனேன்.”

“எண்ணுனியா?” ஒரு திருகைத் திருகிக்கொண்டே சிரித்தார். “அதான்டி ஒன் வியாதி. அவன் இப்பத்தான் எண்ணுறத விட்டிருக்கான். நீ ஏன்டி கணக்கு டீச்சர் மாதிரி பென்சிலத் தூக்கிட்டு பின்னாடியே ஓடுற?”

“வெண்ண டப்பாவுல மவுத்பீஸ் இருந்துச்சு மாமா.”

“நான் ஒரு தடவ பேன்ட்ட ஃபிரிட்ஜுல வச்சேன். காலைல போட்டேன், ஜில்லுனு இருந்துச்சு.”

“வெளையாடாதீங்க.”

“நீ வெளையாடு. பதினாறு வயசு. போ, ஆத்தங்கரையில பசங்க நிப்பானுங்க. போடி.”

அன்றைக்கு ராத்திரியும் அப்பா வழி தவறினார். அன்றைக்கும் ஜனம் எழுந்து நின்றது. எனக்கு அப்போதுதான் முழுசாகப் பயம் வந்தது. கச்சேரி வேறு மாதிரி இருந்திருந்தால், எழுதிவைத்ததைப் பார்த்து வாசிக்கிறதாக இருந்திருந்தால், முதல் நாளே யாராவது நிறுத்தியிருப்பார்கள். பஸ் ஓட்டுகிறவராக இருந்தால்கூட நிறுத்தியிருப்பார்கள். இங்கே தொலைந்துபோனால் கை தட்டுகிறார்கள்.

மறுநாள் காலை அப்பா என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். ஷேவ் செய்து சுத்தமாக இருந்தார். காலையில் அவருக்கு எல்லாம் தெளிவாக இருக்கும்.

“யகோட்கா, நீ எண்ணுவதானே?”

நான் தலையாட்டினேன்.

“எனக்குத் தெரியும். சின்னப் புள்ளயிலேருந்து மேசைக்கடியில ஒன் வெரல் ஆடும். நான் பாத்திருக்கேன்.” கட்டில் விரிப்பை நீவி நீவி விட்டார். “அந்தத் தூணோரம் இருக்கே, மொத மேசை, அங்க உக்காரு. நான் ஒன்னப் பாத்துக்கிட்டே வாசிக்கிறேன். எப்ப திரும்பணுமோ அப்ப தலையில கைய வையி.”

“அப்பா, டாக்டர்கிட்ட...”

“ஜூலை முடியட்டும் கண்ணு. ஜூலை மட்டும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சாரெக் தாங்க மாட்டான்.”

நான் சத்தியம் செய்தேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. தூணோரத்து மேசையில் ஆப்பிள் ஜூஸை வைத்துக்கொண்டு எண்ணுவேன். நடு எட்டு முடிய இரண்டு தாளக்கட்டு இருக்கும்போது முடியை ஒதுக்குவது மாதிரி உள்ளங்கையை உச்சந்தலையில் வைப்பேன். அப்பா வெளியே வந்துவிடுவார். சில நாள் வேண்டுமென்றே ஒரு சுற்று கூட விடுவேன், ஏனென்றால் அழகாக இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே அழகாக இருந்தது. வழி தெரியாத இடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிற மாதிரி வாசிப்பார். அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை.

போன வாரம் விழாவை நடத்துகிற யோலண்டா அம்மா பின்னறைக்கு வந்தார். செப்டம்பரில் பயணம், பதினான்கு ஊர், கட்டோவிட்சேயில் ஆரம்பித்து பெர்லினில் முடிகிறது என்றார். அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்தார். சாரெக் மாமா, “பெர்லின்ல பீர் எவ்ளோ பெரிய கிளாஸ்ல குடுப்பான் தெரியுமா, ஒன் தல உள்ள போயிரும்டா போகுமில்,” என்று கத்தினார்.

செப்டம்பரில் எனக்குப் பள்ளிக்கூடம். அம்மா மறுபடி ஹானோவர் போய்விடுவாள். ஏதோ ஒரு ஊர் ரயில் நிலையத்தில் சாக்ஸபோன் பெட்டியோடு அப்பா நிற்பார், எந்த ரயில் என்று யார் முகத்தையாவது பார்ப்பார். அந்த முகம் நானாக இருக்காது.

அதனால் முடிவு செய்தேன். இன்றைக்கு, கடைசிச் சனிக்கிழமை, கையைத் தூக்கப்போவதில்லை. அவரை நேசிக்கிறவர்கள் எல்லோரும் அந்த நிலவறையில்தான் இருப்பார்கள். அவர் தொலைந்துபோகட்டும். நன்றாகத் தொலைந்துபோகட்டும். எல்லோரும் பார்க்கட்டும். பார்த்துவிட்டால் பயணம் நின்றுவிடும், யாராவது பெரியவர்கள் டாக்டரிடம் பேசுவார்கள், நான் எண்ண வேண்டியிருக்காது.

இன்றைக்குப் படிக்கட்டில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக ‘ஈரக் குடை’. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாவது சுற்றில் நடு எட்டுக்குள் போனார். என்னைப் பார்த்தார். எட்டு முடிந்தது. புருவத்தைத் தூக்கி, இப்பவா என்று கேட்டார். நான் அசையவில்லை. இன்னொரு எட்டு போனது. அப்பா முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். ஐந்தாவது எட்டில் சிரிப்பு போய்விட்டது. ஏழாவதில் சாக்ஸபோன் சத்தம் மெலிந்து மெலிந்து காற்று மட்டும் வந்தது. ஒல்கியெர்ட் நிறுத்தினார். பியானோ முன்பே நின்றிருந்தது. சாரெக் மாமாவின் குச்சியும் நின்றது.

பாருக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமே இல்லை. ட்ராமில் நான் ஏறிவிட்டேன், கதவு மூடிவிட்டது, அவர் வெளியே நிற்கிறார், வண்டி நகர்கிறது, அப்படி இருந்தது அந்தப் பார்வை. நான் கையை உருவப் பார்த்தேன். மரத்துப்போயிருந்தது. வரவில்லை.

அப்போது அவர் கை மெதுவாக மேலே போனது. தன் உச்சந்தலையில் தானே உள்ளங்கையை வைத்துக்கொண்டார். என்னிடம் கேட்டாரா, நான் செய்வதைச் செய்து காட்டினாரா, வேர்வையைத் துடைக்கப் போனாரா, எனக்குத் தெரியாது. அடுத்த நொடி சாரெக் மாமாவின் குச்சி இறங்கியது. மூன்று பேரும் ஒன்றாக மெட்டில் பாய்ந்தார்கள்.

நிலவறை கைதட்டலில் வெடித்தது. படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டார்கள். யோலண்டா அம்மா அழுதார். அப்பா மெட்டு முடிகிறவரை ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. தலைமேல் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று என் பக்கத்து மேசையில் ஒருவர் மனைவியிடம் சொன்னார். “எவ்ளோ பெரிய மனசு பாரு.”

பின்னறையில் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைக்க உதவினேன். அப்பா குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

“கடைசியா வாசிச்சானுங்களே, நல்ல மெட்டு. யாரோடது?”

“ஒங்களோடதுப்பா.”

“அப்படியா!” உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். கொஞ்சம் யோசித்தார். “நடுவுலதான் கொஞ்சம் நீளமா இருக்கு.”

நான் ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சாரெக் மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பீர் பாட்டிலின் காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஏன் கையத் தூக்கல?”

முகத்தைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“முப்பது வருஷமா அவன் முதுகப் பாத்து வாசிக்கிறேன். அவன் எங்க மூச்சு விடுவான்னு தெரியும் எனக்கு.”

“எப்பலேருந்து தெரியும்?”

“போன மார்ச்சுலேருந்து. ரிகர்சல்ல எம்பேரக் கேட்டான். வெளையாட்டா கேக்குற மாதிரி கேட்டான்.”

“அப்ப நான் சொன்னப்ப ஏன் சிரிச்சீங்க?”

“வேற என்னடி பண்ணச் சொல்ற?” காகிதத்தை உருண்டையாக்கினார். “ஒல்கியெர்டுக்குத் தெரியும். பியானோக்காரனுக்கும் தெரியும். யோலண்டாவுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன், தெரிஞ்சாலும் தெரியலம்பா.”

“எல்லாரும் பாத்தா நிறுத்துவாங்கன்னு நெனச்சேன் மாமா.”

“எத நிறுத்துறது? வியாதியவா, பாட்டையா?” பாட்டிலைப் படியில் வைத்தார். “அறுபத்தொண்ணு எனக்கு. இந்த மாதிரி நான் வாசிச்சதே இல்ல. அவனும் வாசிச்சதில்ல. இன்னும் ஒரு வருஷம் இருக்கும்னு வச்சுக்க. இல்ல, ஆறு மாசம். வீட்டுல உக்கார வச்சு ரொட்டி ஊட்டுறதுக்கு ஒங்கம்மா இருக்கா, அது எப்படியும் வரத்தான் போவுது. செப்டம்பர்ல நீயும் வா. ஸ்கூல்ல நான் பேசுறேன். ஒவ்வொரு ஊர்லயும் மொத மேசை போடச் சொல்றேன். தூண் இல்லாட்டிப் பரவால்ல.”

“நான் வரலன்னா?”

“வராட்டியும் போவோம்,” என்றார். “இன்னிக்குப் பாத்தியே. அப்படித்தான் இருக்கும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? பதினான்கு ஊரிலும் அந்தப் பார்வையோடு அவர் யாரைத் தேடுவார்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “சாப்ட்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

முணுமுணுப்பு இன்னும் நிற்கவில்லை. ‘ஈரக் குடை’தான், நடு எட்டு. இதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அதே எட்டுதான், திரும்பத் திரும்ப, வெளியே வரத் தெரியாமல். நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எழுந்து போய் அவர் அறை வாசலில் நின்றேன். உள்ளங்கையைத் தலைமேல் வைத்தேன். இருட்டில் அவருக்குத் தெரியாது. விளக்கின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டால் தெரியும்.

முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. போடவில்லை.